முப்பத்தெட்டுப் பேரின் வயிறு

எண்டோஸ்கோபி தரச் சான்றிதழுக்கான ஆய்வு மறுநாள். மன்னார்குடியில் அந்தச் சின்ன மருத்துவமனைக்கு மேனேஜராக இருந்த மதிவாணன் அன்றைக்குத்தான் விதிமுறைகளைப் படித்தார். வயிற்றுக்குள் கேமராவை விட்டால் ஏழு நிமிடமாவது பார்க்க வேண்டும். பத்துப் படமாவது எடுக்க வேண்டும்.

"நம்ம டாக்டர் எவ்வளவு நேரம் பாப்பாரு?"

"மூணு நிமிஷம். படம் ரெண்டு," என்றார் நர்ஸ் ஹமீதா பானு.

மதிவாணன் பதிவேட்டில் மூன்றையெல்லாம் ஏழாக்கினார். அதனால் கணக்குப்படி ஒரே கட்டிலில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். பாதிப் பேரைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார். சாயங்காலம் டாக்டர் நீடாமங்கலம் கிளினிக்கில் இருப்பார் என்று ஹமீதா பானு நினைவுபடுத்தியபோது மை காய்ந்துவிட்டிருந்தது.

"படத்துக்கு என்ன பண்றது?"

"ஒருத்தருக்கு மட்டும் பத்து இருக்கு சார்."

"பேரை எடுத்துட்டு எல்லா ஃபைல்லயும் வச்சிடுங்க."

முப்பத்தெட்டு ஃபைல்கள்.

ஆய்வுக்கு வந்த டாக்டர் வானதி நேரத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. முதல் ஃபைலின் ஆறாவது படத்திலேயே நின்றுவிட்டார். அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும்.

"இந்தத் திட்டு கேன்சர் ஆரம்பமா இருக்கலாம். முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே இடத்துலயா?"

"இந்தப் பக்கம் தண்ணி சரியில்ல மேடம்," என்றார் மதிவாணன்.

வானதி ஃபைலை மூடினார். "அப்ப எல்லாரையும் இன்னிக்கே வரச் சொல்லுங்க."

மதிவாணனுக்கு உண்மையைச் சொல்வதைவிடப் போன் செய்வது சுலபமாகத் தோன்றியது. மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிட்டது. அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருவரான வைரக்கண்ணு நன்னிலத்திலிருந்து அறுவடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் மனைவி அம்சம் படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

"அன்னிக்கு வெறும் கேஸ் ட்ரபிள்னுதானே சொன்னீங்க?" என்றார் வைரக்கண்ணு. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டார்.

மதிவாணன் உள்ளே போய் வானதியின் முன்னால் நின்றார்.

"எல்லாம் ஒரே ஆளோட படம் மேடம். நான்தான் வைக்கச் சொன்னேன்."

"தெரியும். வெளியில இருக்கறவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. அவங்க எல்லாருக்கும் மறுபடி ஒழுங்கா பாக்கணும். அதுக்கு முன்னாடி, அந்த ஒரு ஆள் எங்க? இனி ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது."

மதிவாணன் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் திரும்பினார். "உடனே போன் போடுங்கம்மா. நார்மல்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க, பாவம்."

ஹமீதா பானு போனைத் தொடவில்லை.

"அது போன மாசம் உங்களுக்கு எடுத்தது சார். நம்ம ஆளாச்சேன்னு டாக்டர் உங்களுக்கு மட்டும்தான் பத்து எடுத்தாரு."