ஆறில் ஐந்து நலம்

குடியிருப்பில் இருந்தது ஒரே ஒரு லிஃப்ட். அது நின்றுபோனதில் மற்றவர்களைவிட லிஃப்ட்காரருக்குத்தான் அவஸ்தை. அவர் வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடிய காலத்தில் ஏறி வந்த மாமியார், முட்டிவலியால் படி இறங்க முடியாமல் வந்த இடத்திலேயே வேரூன்றிவிட்டார்.

லிஃப்ட்காரர் பராமரிப்பு அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே புதுக் காய்ச்சல். பெரிய அதிகாரி ஏதோ பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து, எதையும் இங்கிலீஷில் 'இத்தனை அவுட் ஆஃப் இத்தனை' என்று எழுதினால்தான் கோப்பு நகரும். பியூன்கூட "ஃபோர் அவுட் ஆஃப் ஃபைவ் வந்தாச்சு" என்றுதான் டீ டம்ளர்களை வைத்தார்.

"இருக்கிறதே ஒண்ணுதாம்மா. அதுவும் ஓடலை" என்றார் லிஃப்ட்காரர், தட்டச்சு செய்யும் அம்மாவிடம்.

"ஒன் அவுட் ஆஃப் ஒன்னா? ஐயோ அண்ணே, முழுசும் போச்சுன்னு எழுதினா துறைக்கே அசிங்கம். கூட எதையாவது சேர்த்துக்குங்க. மேல போக வேற என்ன இருக்கு?"

"படிக்கட்டு. மாடிக்கு ஒண்ணா அஞ்சு."

"அப்பாடா!"

அறிக்கையைப் படித்த அதிகாரிக்குக் கண் கலங்கியது.

"மேலேறும் வசதிகள்ல ஃபைவ் அவுட் ஆஃப் சிக்ஸ் சிறப்பா இயங்குதா! எந்தக் குடியிருப்புய்யா இது?"

"சார், அந்த மீதி ஒண்ணு..." என்று இழுத்தார் லிஃப்ட்காரர்.

"அந்த ஒண்ணையே பிடிச்சுத் தொங்காதீங்க. பாதிக்கு மேல பழுதானாதான் ரிப்பேர். உங்களுக்கு விருது உண்டு. நானே நேர்ல வந்து தர்றேன்."

வந்தார். சிறப்பாக இயங்கிய ஐந்தின் மீதும் ஏறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க விருதைக் கொடுத்தார். திரும்பும்போது முட்டி பிடித்துக்கொண்டது. மாமியாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

தூக்கிப்போக நாலு ஆள் கேட்டு அலுவலகத்துக்குத் தகவல் போனது. மறுநாளே பதில் வந்தது: 'மேற்படி அலுவலகத்தில் நைன் அவுட் ஆஃப் டென் அதிகாரிகள் இருக்கையில் உள்ளனர். நிலைமை மிகவும் திருப்திகரம். மேல் நடவடிக்கை அவசியமில்லை.'

அதிகாரி பூரித்துப்போனார். "நான் பழக்கினது வீண் போகலை, பாருங்க!"

"அப்போ இவங்க ரெண்டு பேரும் எப்படித்தான் இறங்குறது?" என்று லிஃப்ட்காரர் மனைவியைக் கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டார். "எதுக்கு மாப்பிள்ளை இறங்கணும்? நான் சௌக்கியம், சார் சௌக்கியம், என் பொண்ணு முகத்தைப் பாருங்க, எவ்வளவு சந்தோஷம்! த்ரீ அவுட் ஆஃப் ஃபோர். பாதிக்கு மேல நல்லாத்தானே இருக்கு?"

அதிகாரி கைதட்டினார். மனைவியும் தட்டினாள்.

மீதி ஒன்று, விருதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கி, ஓடாத லிஃப்ட்டுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது.