பன்னிரண்டாம் கட்டில் மீசை

தாதிப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு பொம்மை கொடுப்பார்கள். ஊசி போடவும், கட்டுக் கட்டவும், குளிப்பாட்டவும் அதில்தான் பழகினோம். மகா உத்தமமான பொம்மை. பொய் சொல்லாது. பயந்து ஓடாது. முக்கியமாக, கட்டிலை விட்டு எழுந்து கன்டீனுக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போகாது. நிஜ நோயாளிகள் இந்த மூன்றையும் செய்வார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் ஒரு நல்ல மனிதரின் மீசை போயிற்று.

அப்போது நான் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், காது மூக்கு தொண்டை வாட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெள்ளைத் தொப்பி தலையில் ஏறியதும் மூளைக்குக் காற்றோட்டம் குறைந்துவிட்டதோ என்னவோ, அந்த வாட்டே என்னை நம்பித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (புசல்லாவையில் எங்கள் வீட்டுக் கோழிகூட என் பேச்சைக் கேட்டுக் கூட்டுக்குள் போனதில்லை.)

அதே சமயம் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் "பொண்ணுக்கு நைட் டியூட்டி இருக்காமே?" என்று கேட்டார்கள்; கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட்டார்கள்; போனவர்கள் போனவர்கள்தான். கடைசியாக வந்தது பிலிமத்தலாவையில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகன். அவருக்குப் பல்லேகலவில் ஒரு கம்பனியில் வேலை. போட்டோவில் சிரிக்கத் தெரியாமல் சிரித்திருந்தார். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் கைநழுவிப் போனால் அழுதே விடுவேன் என்ற நிலையில் இருந்தேன்.

அந்த வாரம் வாட்டில் எனக்கு ஏற்கெனவே கெட்ட பெயர். ஆபரேஷனுக்குப் பயந்த ஒரு நோயாளி, சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் சும்மா பாக்க வந்தேன்" என்று என்னிடமே சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நானும் வழிவிட்டு, கதவையும் திறந்து பிடித்தேன். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த வாட்டுக்கே கேட்டது.

இரண்டு நாள் கழித்து, அன்றுதான் வந்து சேர்ந்த பன்னிரண்டாம் கட்டில்காரருக்கு மறுநாள் மூக்கில் ஆபரேஷன், மீசையை மழித்துவிடு என்று சிஸ்டர் சொன்னார். நோயாளிகளைப் பார்க்க ஆட்கள் வரும் மாலை நேரம். பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கறுகறுவென்று, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை.

(அவர்தான் அந்தப் பாத்திரக் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பெண்ணின் குணம் எப்படி என்று ரகசியமாகப் பார்த்துப்போக வந்தவர், மேடேறிய களைப்பில் காலியாகக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.)

நோயாளியிடம் பெயரைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். நான் கேட்கவில்லை. கட்டிலில் இலக்கம் எழுதியிருக்கிறதே, போதாதா?

"ஐயா, சாஞ்சு படுங்க. மீசைய எடுக்கணும்."

"என் மீசையவா? எதுக்குங்க மிஸ்?"

"நாளைக்கு ஆபரேஷன்ல?"

"ஐயோ, நான் நோயாளி இல்லீங்க. சும்மா பாக்க வந்தேன்."

அதே வசனம்! எனக்குள் இருந்த பொலிஸ்காரி விழித்துக்கொண்டாள்.

"அப்படியா? யாரைப் பாக்க வந்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"அது வந்து... சொல்ல முடியாதுங்க."

"எப்படிச் சொல்லுவீங்க? பேசாமப் படுங்க. உங்கள மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்!" (மொத்தம் ஒருவர்.)

படுக்கவைத்து நுரையை அப்பினேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். "வாயத் திறக்காதீங்க, சவுக்காரம் உள்ள போயிரும்" என்று அதட்டினேன். பாவம், மூடிக்கொண்டார்.

இடது பக்கம் மழமழவென்று முடிந்தது. வலது பக்கத்தில் கத்தியை வைக்கப்போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மிஸ், இது என் கட்டில்."

கையில் பாதி தின்ற பனிஸ், மூக்குக்குக் கீழே முழு மீசை. கன்டீனிலிருந்து திரும்பிய நிஜப் பன்னிரண்டாம் கட்டில்!

சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். "மொக்கத மே?" என்றார். சிங்களத்தில் இது என்ன என்று அர்த்தம். நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

பெரியவர் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "மத்தப் பக்கத்தையும் எடுத்திருங்கம்மா. இதோட பஸ்ஸில போக முடியாது" என்றார். எடுத்தேன். அவர் புகார் கொடுக்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்று நான் மருந்து அறைக்குள் போய் நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணீர்த் தட்டோடு வெளியே வந்தேன். முதல் கதிரையில், மேலுதடு மட்டும் வெளுத்துப்போய், அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தட்டு ஆடிய ஆட்டத்தில் ஒரு கோப்பை மாப்பிள்ளையின் மடியில் விழுந்தது. போட்டோ சிரிப்பு போய் அவர் துள்ளி எழுந்தார். கல்யாணம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். போனதுதான் போயிற்று, கேட்டாவது விடலாம் என்று தோன்றியது.

"ஐயா, யாரைப் பாக்க வந்தீங்கன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"உன்னத்தான் பாக்க வந்தேன்னு உன்கிட்டயே எப்படிம்மா சொல்றது?"

அவர் மனைவி நிமிர்ந்தார். சலூன்காரன் கை தவறிவிட்டதாகத்தான் பெரியவர் வீட்டில் கதை சொல்லியிருந்தாராம்.

"அப்ப, இந்தப் புள்ளயா எடுத்துச்சு?"

தலையைக் குனிந்துகொண்டேன். "ஒரு அதட்டுப் போட்டா, படுத்துட்டேன்" என்றார் பெரியவர்.

"கல்யாணம் கட்டின நாள்ல இருந்து எடுங்க எடுங்கன்னு கெஞ்சுறேன். சோத்துல படுது, கொழம்புல படுது, இந்த மனுசன் கேக்கல. இவ ஒரே அதட்டுல படுக்கவச்சு எடுத்துட்டா!" என்றவர், என் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நல்ல நாளாப் பாருங்க."

நைட் டியூட்டியைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை.

மாமனார் மறுபடி மீசை வளர்க்கவில்லை. மாமியார் விடவில்லை என்பதுதான் சரி. இன்றும் வாசலில் யாராவது வந்து நின்றால், "யாரைப் பாக்க வந்தீங்க?" என்று நான் கேட்டு வாய் மூடுவதற்குள் உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வரும்.

"தம்பி, உண்மையச் சொல்லிருங்க. நான் சொல்லாம விட்டுத்தான் இப்படி இருக்கேன்!"