என்ர பேரைத் திருப்பித் தாரும்

சரவணை கிழக்கு

ஆராய்ச்சிப் பிள்ளை பிரியதர்சினிக்கு மனோகரி ஆச்சி எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர மிச்சமெல்லாம் சுகம். நீரும் உம்முடைய ஒலிப்பதிவுக் கருவியும் சுகமாய் இருக்க நயினை அம்மனை வேண்டுகிறேன்.

புத்தகம் கிடைத்தது. எழுத்துக் கூட்டி முப்பதாம் பக்கம் வரை வந்துவிட்டேன். தொண்ணூறில் சண்டையால் ஊரைவிட்டு வெளிக்கிட முன்னம் எங்கள் ஒழுங்கையில் இருந்த முப்பத்தேழு வீட்டையும், ஆர் இருந்தவை, ஆருக்கு எத்தனை மாடு, எந்தக் கிணறு உப்பு என்று ஒரு மாதமாய் உமக்கு ஒன்று விடாமல் சொன்னது நான். நீர் அம்பிகை சொன்னதாக எழுதியிருக்கிறீர். போனில் கேட்டதற்கு, "சொன்ன ஆக்களின்ர பேரை மாத்திறது எங்கட வழக்கம் ஆச்சி, உங்கட பாதுகாப்புக்குத்தான். பதிவு முழுக்கத் தேடினனான், அம்பிகை எண்ட பேர் ஒரு இடத்திலையும் வரேல்லை. அப்பிடி ஒராள் ஊரிலை இல்லையெண்டு நினைச்சிட்டன்" என்றீர்.

எப்படி வரும் பிள்ளை? அவள் எங்கட வேலிக்கு அங்காலை, கிழக்கு வளவுக்காரி. என்ர கலியாணப் பந்தியில் இருந்துகொண்டு, பாயாசம் அடிப்பிடிச்சுப் போச்செண்டு எட்டுப் பேருக்குக் கேட்கச் சொன்னவள். அன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷம் அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. உம்மாலைதான் இண்டைக்கு எழுதுறன். நேற்றுக் காய்ச்சின கறி என்னெண்டு தெரியாத அவளுக்குப் போன வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் பொன்னாடை போர்த்தினவை. தனுசியா ரீச்சர் எழும்பி, "ஆச்சி, மூண்டாம் வீட்டிலை ஆர் இருந்தவை?" என்று கேட்க, "எல்லாம் புத்தகத்திலை சொல்லிப்போட்டன் பிள்ளை, வாங்கி வாசியுங்கோ" என்கிறாள். மூன்றாம் வீடு எங்கட வீடு. முன் கதிரையில் இருந்து அதைக் கேட்டது நான். எனக்கு எதுக்குப் பாதுகாப்பு? என்னிட்டையிருந்துதான் ஊருக்குப் பாதுகாப்பு வேணும்.

ஆகையால் அடுத்த பதிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் என்ர பேரைப் போடும், தகப்பன் பேரோடை. இல்லாவிட்டால் உம்மோடும் ஐம்பத்திரண்டு வருஷம் கதைக்க மாட்டேன்.

அம்மன் உமக்கு நீண்ட ஆயுளும் நல்ல ஞாபகசக்தியும் தரட்டும்.

இப்படிக்கு,
மனோகரி
(பேரை வடிவாய்ப் பாரும்)

பி.கு: கடிதத்தை ஒட்ட முன்னம் அறுபத்துமூன்றாம் பக்கத்துக்கு வந்துவிட்டேன். கிழக்கு வளவார் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போன அண்டு, நான் வேலிக் கதியாலைப் பிடுங்கி அவையின்ர காணிக்குள்ளை இரண்டு முழம் தள்ளி நட்ட கதையை உமக்குச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. புத்தகத்தில் அதுவும் அம்பிகை செய்ததாய்க் கிடக்கு, தன்ர காணிக்குள்ளை தானே வேலியைத் தள்ளினவளாம். ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம். நீர் சொன்ன பாதுகாப்பு நல்ல விஷயம்தான். பொன்னாடையும் அவளிட்டையே இருக்கட்டும்.