முதலெழுத்து ஞானம்

“அடுத்த சீட்டை நான் காட்டுறேன், குருஜி. கேள்வியும் நானே கேக்குறேன்.”

வாசலிலேயே அம்மா என் கையை அழுத்திச் சொல்லியிருந்தாள்: “குருஜியச் சோதிக்கிறேன்னு மட்டும் வாயத் தொறக்காத.” திறந்துவிட்டேன்.

திருப்போரூர்க் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள், எங்களைப்போல் மாதா கோயிலிலிருந்து வந்தவர்கள். ஏமாறுவதில்தான் எத்தனை மத நல்லிணக்கம்! மேடையில் நெற்றிகுரு ரமேஷ்ஜி. நெற்றிக்குப் பின்னால் மூளையில் நாலு அறையாம். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லையாம். இவர் கட்டைவிரலை வைத்தால் கதவு திறக்குமாம். நிலைமை மாறினால் ஆளும் தக்கபடி மாறிக்கொள்வாராம். படிப்பு வரும், வலிப்பு நிற்கும்.

வலிப்புதான் எங்கள் வீட்டுக் கவலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை ஹெலன் இனி மாத்திரை போடக்கூடாது என்று குருஜியின் உத்தரவு. மாத்திரை அட்டை அம்மாவின் பைக்குள் போய்விட்டது.

மேடையில் அத்தாட்சியாக, கண்ணைக் கட்டிக்கொண்டு சிஷ்யை சியாமளா. குருஜி வண்ணச் சீட்டைத் தூக்குவார்.

“சட்டுனு சொல்லும்மா.”

“சிவப்பு!”

“நல்லா பாரும்மா.”

“நீலம்!”

“பளிச்சுனு சொல்லும்மா.”

“பச்சை!”

ஒரே கைதட்டல். சட்டுனு என்றால் சிவப்பு, நல்லா என்றால் நீலம், பளிச்சுனு என்றால் பச்சை. முதலெழுத்துதான் துப்பு. ஒண்ணாங்கிளாஸ் பாடத்தை மூளை விஞ்ஞானமாக்கிய மேதை!

அதனால்தான் எழுந்து கேட்டேன்.

“ஏ பொண்ணு, குந்து! படிச்ச திமிரா?” என்றது பின்வரிசை.

ஆமாம். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் திமிர். மேடையேறி மஞ்சள் சீட்டைத் தூக்கினேன்.

“சட்டுனு சொல்லுங்க.”

“சிவப்பு!”

நீலச் சீட்டு. “பளிச்சுனு சொல்லுங்க.”

“பச்சை!”

குரல் மாறியும் பழக்கம் மாறவில்லை. மண்டபம் சிரித்தது. “நெகட்டிவ் எனர்ஜி...” என்று இழுத்தார் குருஜி.

“எனர்ஜி இல்ல, ஆட்டத்தோட விதி மாறிப்போச்சு. உங்க தொறந்த நெத்திக்கு அது கூடத் தெரியல.” கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். “நெத்திக்குப் பின்னால மூளை பேசிக்கினுதான் கீது. பழகுன வழிய ஒரு பகுதி ஞாபகம் வெச்சுக்கும். தப்பாவுதுன்னு இன்னொண்ணு கத்தும். வேற வழிக்குத் திருப்ப ஒண்ணு கீது. தப்புன்னு கத்துறதக் கேக்காதவனுக்குக் கட்டைவிரல் இன்னா கிழிக்கும்?”

பாதிப் பேர் எழுந்து கிளம்பினார்கள். மீதிப் பேர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும் அம்மா கிசுகிசுத்தாள்: “வந்ததுக்கு ஒருவாட்டி வெரல வெச்சுக்கினு போயிடலாமேடி.”

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். “டாக்டர் சொல்லாம மாத்திரை நிக்காது. ஹெலன், வா.”

“அப்ப நானு?” என்றாள் அம்மா.

“நெத்தி உன்னுது. அடுத்தவன் வெரலுக்கு விடாத.”

ஹெலனோடு வெளியேறி, செங்கல்பட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தேன்.