துணைக்கு யாராவது வந்தால் போவேன்

அன்புள்ள மைத்துனருக்கு,

வணக்கம். இங்கே நானும் வீடும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் வீட்டம்மா கண்ணாடியை மாற்றியிருப்பார் என்றும் நம்புகிறேன். உங்களால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் என் மகனிடம், நான் அங்கே குடிவரப் போவதில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். நானே சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான் சொல்லப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது.

உங்கள் அக்கா இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மகன் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசுவது அவள் வேலை, தொலைபேசியைப் பிடிப்பது என் வேலை. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் நாலைந்து இருந்தால் அதிகம். மீதியைத் தமிழிலேயே சொல்லுவாள். மருமகளுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இருவரும் சிரித்துச் சிரித்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். பட்டப்படிப்பு முடித்த நான் பின்னால் நின்று, "அது தப்பு, இப்படிச் சொல்லு" என்று முணுமுணுப்பேன். "நீங்க ஆட்டாம பிடிங்க, அது போதும்" என்பாள். ஆட்டாமல்தான் பிடித்தேன். ஆனால் என் கட்டைவிரல் அடிக்கடி படத்துக்குள் போய்விடும். அதனால் பேத்தி எனக்குக் கட்டைவிரல் தாத்தா என்று பெயர் வைத்தாள். அவளுக்கு என் முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை.

உங்கள் அக்கா காலமான பிறகும் மருமகள் ஞாயிறு தவறாமல் அழைத்தாள். நான் "எஸ்" என்பேன், "ஓகே" என்பேன், பிறகு இருவரும் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம். இதைப் பார்த்துத்தான் நீங்கள், "அத்தான், படிக்கத் தெரியுது, பேசத்தான வரல, மாலை வகுப்புல சேருங்க" என்றீர்கள். தையற்கடை மாடியில் சேர்ந்தேன். அங்கே எனக்கு ஜோடி ஒரு சலூன்காரர். ஆசிரியை பலகையில் ஒரு பக்கம் இஃப், பிகாஸ், ஆல்தோ, அன்டில் என்றும், மறுபக்கம் கேன், குட், வில், மஸ்ட் என்றும் எழுதிப் போட்டார். "இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு. உங்க வீட்ல, கடையில தினம் நடக்கிறத வச்சுச் சொல்லுங்க" என்றார். சலூன்காரர் எழுந்து, நீங்கள் தலையை ஆட்டினால் நான் காதை வெட்டிவிடலாம் என்ற பொருளில் கணீரென்று ஒரு வாக்கியம் சொன்னார். வகுப்பே கைதட்டியது. அடுத்து நான். ஆல்தோ மை வைஃப் இஸ் நாட் அட் ஹோம், ஐ கேன் மேக் டீ என்றேன். மனைவி வீட்டில் இல்லாவிட்டாலும் எனக்குத் தேநீர் போடத் தெரியும். உண்மைதானே, தம்பி. ஆசிரியை, "வெரி குட் சார். மேடம் ஊருக்குப் போயிருக்காங்களா? சரி, அதையே அன்டில் போட்டுச் சொல்லுங்க" என்றார். அன்டில் ஷி கம்ஸ், ஐ மஸ்ட் வெயிட். அவள் வரும்வரை நான் காத்திருக்க வேண்டும். எனக்கு அதற்கும் கைதட்டினார்கள்.

அன்றே எழுந்து உள்ளதைச் சொல்லியிருக்கலாம். கைதட்டின கையோடு அவர்களை எப்படி வருத்தப்பட வைப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். அதிலிருந்து படியேறும்போதெல்லாம் சலூன்காரர், "என்ன சார், மேடம் வந்துட்டாங்களா?" என்கிறார். "இன்னும் இல்லை" என்கிறேன். "ஓவரா செல்லம் குடுத்துட்டீங்க சார், ஒரு போன் போட்டு வரச் சொல்லுங்க" என்கிறார். "சொல்கிறேன்" என்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தம்பி, அவள் எங்கேயோ போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று நினைக்கிற மனிதர்கள் இருக்கிற இடம் அந்த மாடி ஒன்றுதான். அதனால் ஒரு வகுப்பைக்கூட நான் தவறவிடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் கேட்பாள். நடக்கப் போகிறீர்களா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அங்கே வெயில் எப்படி. நான் ஆசிரியையிடம் காட்டித் திருத்தி, மூன்று பதில்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சன்னல் கம்பியில் வரிசையாகச் செருகி வைத்தேன். போன ஞாயிறு அழைப்பு வந்தது. அவள் என்னமோ வேகமாகக் கேட்டாள். முதல் கேள்விதானே என்று முதல் சீட்டைப் படித்தேன்: துணைக்கு யாராவது வந்தால் கட்டாயம் போவேன். அவள் கண் கலங்கிற்று. நடைப்பயிற்சிக்கு இவ்வளவு உருக்கமா என்று எனக்கே ஆச்சரியம். மறுபடி ஏதோ கேட்டாள். இரண்டாவது சீட்டு: ஆமாம், டாக்டர் சொல்லியிருப்பதால் நான் செய்தே ஆக வேண்டும். இப்போது மகன் பாய்ந்து வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பதற்றத்தில் அவனும் ஆங்கிலத்திலேயே கேட்டான். மூன்றாவது சீட்டு: மிகவும் கடுமையாக இருந்தாலும் என்னால் தாங்கிக்கொள்ள முடியும்.

அன்று அவள் முதலில் கேட்டது, எங்களோடு வந்து இருந்துவிடுகிறீர்களா என்று.

மறுநாள் காலையில் மகன் தமிழில் அழைத்தான். "அப்பா, டாக்டர் என்னதான் சொன்னார்? எவ்வளவு நாளா மறைச்சு வச்சிருக்கீங்க?" என்றான். வெயிலைச் சொன்னேன் என்றால் நம்பவில்லை. "சமாளிக்காதீங்கப்பா. நான் லீவு போட்டுட்டேன், டிக்கெட் போட்டாச்சு, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். துணைக்கு ஆள் வந்தா வருவேன்னு நீங்கதான சொன்னீங்க" என்றான். அவன் குரல் உடைந்துபோயிருந்தது. தாயை இழந்த பிள்ளை, தம்பி. அவனிடம் எந்த வாயால் மறுப்பேன்?

ஆனால் என்னால் போக முடியாது. இங்கே நான் நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாலும் இது என் வீடு. அங்கே பேசாமல் இருந்தால், சாப்பாட்டு மேசையில் எல்லாரும் எனக்காக மெதுவாகப் பேசுவார்கள். அதைவிட ஒன்று. உங்கள் அக்கா துணி காயப்போடும் கொடி, பாதி தீர்ந்த அவளுடைய தைல பாட்டில், கதவைச் சாத்தும்போது இரண்டு தரம் இழுக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொடுத்தது, இதையெல்லாம் யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஆகவே நீங்கள் பக்குவமாகப் பேசி, எனக்கு நோய் இல்லை, வரவும் இல்லை என்று அவனுக்குப் புரிய வைக்க வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பான். உங்கள் முகத்தில் அவன் அம்மாவின் சாடை இருக்கிறது.

உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் நோயும் கவலையும் அண்டாமல் இருக்கட்டும். சின்னவளுக்கு நல்ல இடத்தில் வேலை கிடைக்கட்டும். வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் தொலைபேசி அடித்தது. பேத்தி மட்டும்தான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்து யாரோ என்று திகைத்தாள். கட்டைவிரலைக் காட்டினேன், சிரித்துவிட்டாள். அம்மா பிடித்தால் தொலைபேசி ஆடுகிறதாம். தான் நடனமாடும்போது நான் வந்து பிடிப்பேனா என்று சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களில், எனக்குப் புரியும்படி கேட்டாள். அதற்குச் சன்னலில் சீட்டு இல்லை. "எஸ்" என்றேன்.

ஆகவே மகனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உங்களிடம் சக்கரம் வைத்த பெட்டி இருந்தால் கொடுத்தனுப்புங்கள். நாளை வகுப்பில் சலூன்காரர் கேட்டால், மேடம் வரமாட்டாள், அதனால் நான்தான் கிளம்புகிறேன் என்று தமிழிலேயே சொல்லிவிடப் போகிறேன்.