மாவு மில்லில் ஒரு நகராட்சி

வழிசொல்லி என்று ஓர் இனம் உண்டு. தேடிக் காட்டுக்குப் போகவேண்டாம், உங்கள் தெருவிலேயே இருக்கும்.

ஊரில் நகராட்சி ஆபீஸ் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. அதில் ஜன்னல்கள் இருக்கின்றன. ஜன்னலுக்குப் பின்னால், கேட்டதற்குப் பதில் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் குழாய் இணைப்புக்கு யாரிடம் மனுக் கொடுப்பது, பாட்டன் பெயரில் கிடக்கும் வீட்டு வரியைப் பேரன் பெயருக்கு மாற்றுவது எப்படி, கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டினால் அதற்குத் தனியாகக் கட்டவேண்டுமா, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை நம் வாசலுக்குத் திருப்பிவிட்டால் கமிஷனரைப் பார்ப்பதா சுகாதார இன்ஸ்பெக்டரைப் பார்ப்பதா என்பதையெல்லாம் நம் ஜனங்கள் அந்த ஜன்னலில் கேட்பதில்லை. கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே. வழிசொல்லியிடம் கேட்பார்கள்.

வழிசொல்லிக்குத் தெரியாதது எது? அப்படி ஒன்று இருப்பதாக இதுவரை தகவல் இல்லை.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கேள்வி பாதி வரும்போதே கண்ணை மூடிக்கொள்வார். “அது ஒண்ணுமில்லை” என்று தொடங்குவார். குரலை இறக்கி, “உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு” என்பார். அந்த ஆளின் பெயர் வெளியே வராது. கடைசியில், “அதுக்கு ஒரு வழி இருக்கு” என்று கண்ணைத் திறப்பார். அந்த வழியே போய் முட்டிக்கொண்டு திரும்பினால்? நீங்கள் போன நேரம் சரியில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாகவும் அதன் ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமாகவும் இருந்த காலத்தில், அந்தக் கோபுரத்துக்குத் தெற்கே மாவு மில் வைத்திருந்த அழகிரி இந்த இனத்தில் உயர்ந்த ஜாதி. மாவு அரைக்க வந்தவர்கள் தூக்கோடும் கூடையோடும் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களுக்குக் கேள்விகள் தோன்றும். மோட்டார் இரைச்சலில் கத்திக் கேட்பார்கள், அவரும் கத்திப் பதில் சொல்வார். சாதாரணக் கேள்விக்கு அது போதும். கேள்வி கனமானது என்று பட்டால் கையை நீட்டி ஒரு கட்டையைத் தள்ளுவார். அரைக்கும் சக்கரத்திலிருந்து பெல்ட் நழுவி, பக்கத்தில் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்குப் போய்விடும். மில் ஓய்ந்துவிடும். அந்த அமைதியில் மாவுத்தூசி படிந்த புருவத்தைத் துடைத்துக்கொண்டு அழகிரி வாய் திறப்பார். ஜனங்கள் சன்னிதியில் நிற்பதுபோல் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளாத குறைதான்.

“அழகிரி, எங்காத்துக் குழாய்லே தீர்த்தம் சொட்டறதோட சரி. யாரண்ட சொல்லணும்?” என்பார் தெற்கு வீதி மாமி.

“அது ஒண்ணுமில்லை மாமி. இஞ்சினீரைப் பாருங்க. திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க.”

“ஏன்?”

“அன்னிக்கு அவரு வீட்டுக் குழாய்லயும் வராது.”

மொட்டைக் கோபுரம் ஏன் மொட்டையாகவே நிற்கிறது என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டபோதும் கட்டை தள்ளப்பட்டது. “பிளான் பாஸ் ஆகலை” என்றார் அழகிரி. வந்தவர் நம்பிக்கொண்டுதான் போனார்.

அவருடைய ஒரே மகன் தர்மராஜ் பொன்மலை ரயில் பட்டறையில் வரைபடம் போடுகிறவன். நூலிழை தப்பினால் தாளைக் கிழித்துப் போடுகிற ஆள். அப்பாவின் வழிகள் அவனுக்குக் கூசும். “எந்த விதிப்படின்னு சொல்லுங்கப்பா” என்பான். “விதியைச் சொன்னா எவன்டா மாவரைக்க வருவான்?” என்பார் அவர். அப்பாமேல் அவனுக்கு இன்னொரு குறையும் உண்டு. மில்லுக்குள் ஓர் அலமாரி நிறைய பெல்ட் மெழுகு. பெல்ட் வழுக்காமல் இருக்கப் பூசுகிற சமாசாரம். ஒரு டப்பா வாங்கினால் ஆறு மாதத்துக்குத் தாங்கும். அப்பாவோ “மெழுகு வாங்கிட்டு வரேன்” என்று மாதம் இரண்டு தடவை பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சி மெயின்கார்டு கேட்டுக் கடைவீதிக்குப் போய்விடுவார். மூடி திறக்காத டப்பாக்கள் மேல் டப்பாக்கள். “எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டால், “இருக்கட்டுமே, உருகியா போயிடும்” என்று பதில் வரும். மனிதருக்குக் கணக்கு வராது என்று மகன் முடிவுகட்டியிருந்தான்.

மாசி மாதம் அழகிரிக்கு நெஞ்சு அடைத்தது. வாடகைக் காரில் பாலத்தைத் தாண்டித் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் அங்கேயே முடிந்தது. அதே பாலத்தின் வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, கொள்ளிடக் கரையில் எரித்தார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு அவரவர் வீட்டுத் தெருவிளக்கு, அவரவர் வீட்டுச் சாக்கடை என்று பேச்சு திரும்பியது. “இருந்திருந்தா இந்நேரம் ஒரு வழி சொல்லியிருப்பாரு” என்று பெருமூச்சு விட்டார்கள்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. மில் லைசென்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது. மார்ச் முடிவோடு தீர்ந்துவிடும். அம்மா பவுனம்மாள் பெயருக்கு மாற்றவேண்டுமானால் அப்பாவின் இறப்புச் சான்று வேண்டும். மாற்றாவிட்டால் ஏப்ரல் பிறந்ததும் மில்லை மூடவேண்டியதுதான்.

“மூடிட்டுப் பொன்மலைக்கு வந்துடுங்கம்மா. குவார்ட்டர்ஸ்ல இடம் இருக்கு” என்றான் தர்மராஜ்.

“வர மாட்டேன்.”

“ஏம்மா?”

“இந்த மில்லுச் சத்தம் நின்னுபோச்சுன்னா, அவரு போனது நெசமாயிடும்டா.”

வரைபடத்தில் அடங்காத காரணம். ஆனாலும் லீவு போட்டான்.

சான்றை எங்கே வாங்குவது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய மனிதர் யாரோ அவருடைய சான்றுதான் வேண்டியிருந்தது. சிக்கலைக் கவனியுங்கள்.

அப்படியானால் ஜன்னலில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அழகிரியின் மகன் ஜன்னலில் நின்று கேட்பதா? நாலுபேர் பார்த்தால் என்ன ஆகும்? அவனும் இந்த ஊர்க்காரன்தானே. தவிர, தெருவில் வழிசொல்லி நாற்காலி காலியாக இருக்கவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிச்சமுத்து, கருமாதி முடிவதற்குள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆயுள் முழுக்க ஜனங்களை அந்தந்த இடத்தில் இறக்கிவிட்டவர். யோசனையும் அப்படித்தான், பாதி வழியில் இறக்கிவிடுவார்.

“அது ஒண்ணுமில்லை தம்பி” என்று கண்ணை மூடினார் பிச்சமுத்து. “வீடு எந்த ஊரோ சாவும் அந்த ஊரு. ஸ்ரீரங்கம் நகராட்சியிலதான் பதியணும்.”

“ஆஸ்பத்திரி திருச்சியில இருக்குங்களே.”

“ஆஸ்பத்திரிக்கு ஆயிரம் பேரு போறான். அவன் எல்லாரும் திருச்சிக்காரனா? சரி, எரிச்சது எங்க?”

“இங்க.”

“அப்புறம் என்ன? அதுக்கு ஒரு வழி இருக்கு.”

அந்த வழி எங்கெல்லாம் போயிற்று தெரியுமா? மயானத்தில் எரித்தவரிடம் எழுதி வாங்கினான். அதில் கவுன்சிலர் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார் பிச்சமுத்து. கவுன்சிலர் கல்யாணத்துக்குப் போயிருந்தார், திரும்பி வந்ததும் இன்னொரு கல்யாணத்துக்குப் போனார். பிடித்துக் கையெழுத்து வாங்கியாயிற்று. வைத்தியம் பார்த்த டாக்டர் சீட்டும் இருந்தால் கேட்க ஆளே இருக்காது என்றார். அதுவும் வந்தது. ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ. “போட்டோ எதுக்குங்க?” என்றான். “இருக்கட்டுமே” என்றார் பிச்சமுத்து. அப்பாவின் ‘இருக்கட்டுமே’ காதில் விழுந்ததும் அவன் போட்டோவையும் காகிதங்களோடு சேர்த்துக் கட்டினான். மார்ச் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

கடைசியில் கட்டோடு ஸ்ரீரங்கம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனான். உள்ளே இருந்தவர் எதையும் பிரிக்கவில்லை. “உயிர் எங்க போச்சு?” என்றார்.

“திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில.”

“அப்ப திருச்சியிலதான். எங்க சாவு நடந்ததோ அங்கதான் பதிவு. நடுவுல ஆறு ஓடுதுல்ல.”

அவ்வளவுதான். கொட்டாவிக்கும் கொட்டாவிக்கும் இடையில் சொல்லிவிட்டார்.

அன்றே பாலத்தைத் தாண்டினான். திருச்சி ஆபீசில் பிறப்பு இறப்பு ஜன்னலில் தங்கையன் என்ற குமாஸ்தா இருந்தார். தர்மராஜ் காகிதக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினான்.

“அதையெல்லாம் ஏன் தம்பி தூக்கிக்கிட்டு அலையிறீங்க? ஆஸ்பத்திரியிலேருந்து தகவல் அன்னிக்கே வந்திருக்கும். பேரு, தேதி சொல்லுங்க, நகல் எழுதித் தரேன்.”

சொன்னான். தங்கையன் பதிவைத் தேடி எடுத்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

“அழகிரி. ஸ்ரீரங்கம். மாவு மில்லு.” நிமிர்ந்து பார்த்தார். “பையில எப்பவும் பெல்ட் மெழுகு டப்பா வச்சிருப்பாரே, அவரா?”

தர்மராஜ் தலையாட்டினான்.

“அட பாவமே, நான் லீவுல இருந்தப்ப பதிவாகியிருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சே. நீங்க மகனா? மாசம் ரெண்டு தடவை இதோ இங்க வந்து நிப்பாரு. மனசுலயே அடுக்கி வச்சிருப்பாரு. குழாய்க்கு என்ன, வரிக்கு என்ன, பேர் மாத்தறதுக்கு என்னன்னு ஒவ்வொண்ணாக் கேப்பாரு. எனக்குத் தெரியாததை மத்த ஜன்னல்ல விசாரிச்சுக்கிட்டு வரச் சொல்லுவாரு. தெரிஞ்சவங்க யாராவது உள்ள வந்தா உடனே டப்பாவை எடுத்துக் காட்டி, மெழுகு வாங்க வந்தேம்பாரு.”

“ஸ்ரீரங்கத்துலயே ஆபீஸ் இருக்கே.”

“நானும் கேட்டேன். ஏங்க பாலம் தாண்டி வர்றீங்கன்னு. ‘அங்க கேட்டா எனக்குத் தெரியாதுங்கிறது தெரிஞ்சுபோயிடுமே’ன்னாரு.”

தர்மராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஏதாவது கேட்கவேண்டுமே என்று, “கேட்டுக்கிட்டதைச் சரியாப் போய்ச் சொன்னாரா?” என்றான்.

“பாதி சரியாச் சொல்லியிருப்பாரு. மீதி மில்லுச் சத்தத்துல போயிருக்கும்.” தங்கையன் எழுதத் தொடங்கினார். ‘தொழில்: மாவு மில்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, “ரெண்டு தொழில் போடலாம். விதியில இடமில்லை” என்றார். நகலைக் கொடுக்கும்போது ஞாபகம் வந்தது. “கடைசியா வந்தப்ப ஒண்ணு கேட்டாரு. விசாரிச்சு வைக்கிறேன், அடுத்த தடவை வாங்கன்னேன். விசாரிச்சும் வச்சேன். இடியாப்பம் விக்கிற ஒரு அம்மாவுக்கு லைசென்ஸ் வேணுமான்னு கேட்டாரு.”

“என்ன பதில்?” என்று கேட்டான் தர்மராஜ்.

தங்கையன் சொன்னார். அவன் இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

லைசென்ஸ் மார்ச் முடிவதற்குள் பவுனம்மாள் பெயருக்கு வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு மில் சுவரில் மாட்டினார்கள். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை மில்லில் கூட்டம். அம்மா கல்லாவில் இருந்தாள். தர்மராஜ் அரைத்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் ஸ்டூல் போட்டுப் பிச்சமுத்து வீற்றிருந்தார்.

அரிசிக் கூடையோடு சாரா பீவி வந்தாள். வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து விற்கிறவள். “தம்பி, அப்பாகிட்ட ஒரு விசயம் கேட்டிருந்தேன்” என்று இரைச்சலுக்கு மேல் கத்தினாள். “சொல்றேன்னாரு. அதுக்குள்ள அல்லா கூப்பிட்டுக்கிட்டான். இனிமே யாரைக் கேக்கறது?”

பிச்சமுத்து கண்ணை மூடினார். “அது ஒண்ணுமில்லை…”

மில் ஓய்ந்தது.

கட்டையைத் தள்ளியது தன் கைதான் என்பது தர்மராஜுக்கு அந்த அமைதியில்தான் தெரிந்தது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள். புருவத்து மாவைத் துடைத்துக்கொண்டான்.

“கூடையில சுமந்து வித்தா ஒண்ணும் வேணாம் பீவிம்மா. அடுப்பை ரோட்டுல இறக்கினாத்தான் லைசென்ஸ்.”

“உனக்கு எப்படித் தம்பி தெரியும்?”

“உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு” என்றான்.

பவுனம்மாள் கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

சாரா பீவி திருப்தியாகப் போனாள். அவள் பின்னால் நின்றிருந்தவர் கூடையை முன்னால் தள்ளினார். மாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை போடவேண்டும், அதற்கும் பிளான் பாஸ் பண்ணவேண்டுமா? வரைபடம் போட்டுப் பிழைக்கிற தர்மராஜுக்கு அந்த விதி சுத்தமாகத் தெரியாது. தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

“அதுக்கு ஒரு வழி இருக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்றேன்” என்றான். கட்டையைத் திரும்ப இழுத்தான். மில் ஓடியது.

லீவில் இன்னும் ஒரு நாள் பாக்கியிருந்தது. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “திருச்சி வரைக்கும் போயிட்டு வரேம்மா. பெல்ட் மெழுகு வாங்கணும்” என்றான்.

பவுனம்மாள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். மூடி திறக்காத டப்பாக்கள் மேல் தட்டுவரை அடுக்கியிருந்தன.

“ஆமா, தீந்துபோச்சு. போயிட்டு வா” என்றாள்.

இவ்வளவு தூரம் வந்து, இந்த இனத்தைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டது. நல்லது. ஆனால் சாவு நடந்த ஊரில்தான் பதியவேண்டும் என்று நடுவில் ஒரு தகவல் வந்ததே, அதை யாரிடம் சொல்லலாம் என்று மனசுக்குள் ஓர் ஆளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், இல்லையா? போய்ச் சொல்லுங்கள். சொல்லும்போது கண் மூடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.