நாலாவது கால்

ஜானட்டை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில், பார்வையாளர் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது. வயிற்றில் தையல். மூக்கில் குழாய். கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறாள் என்று குனிந்து காதைக் கொடுத்தேன்.

“கம்ப்யூட்டர் கீழ பெருக்கினியாய்யா?”

“காலைலயே பெருக்கிட்டேன்மே.”

“மூலைல?”

“மூலைலயும்தான்.”

சிரிக்க ஆரம்பித்தாள். தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நர்ஸ் வந்து, “பேஷண்டைச் சிரிக்க வைக்காதீங்க சார்” என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். பெருக்குவதில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. புரிவதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

அதற்குப் பதினோரு வருடம் முன்னால் தொடங்கிய கதை இது. இதில் ஜெயித்தவன் நான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல முடியாமல் போகலாம்.

காசிமேட்டு ஐஸ் பாக்டரியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜானட் நெட்டுக்குப்பத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். இடக்கைக்காரி. பத்து வயதில் அந்தக் கையால் வலை பின்னினாள். ஐம்பது வயதில் அதே கையைக் கொண்டு தமிழ் டைப் அடிக்கப் பழகினாள். கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, சர்ச்சில் பிள்ளைகளின் முதல் நன்மைச் சடங்குக்கு அட்டை என்று அடித்துக் கொடுப்பாள். அந்த வருடம்தான் மாதா கோயில் திருவிழா மலர் முதல் தடவையாக அவள் கைக்கு வந்தது. அறுபத்து நாலு பக்கம். அதுவரை மெயின் ரோட்டில் சாவியோ என்பவனின் டைப்பிங் கடையில்தான் கோயில் சாமியார் கொடுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

புதன்கிழமை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பத்து நிமிடம் ஓடும். பட்டென்று அணையும். திரையின் மூலையில் சூடு காட்டும் எண் ஒன்று உண்டு. அது தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் முடிந்தது.

“பிராசசர் சூடாவுதுய்யா. அத்தாவுல்லாவ இட்டுகினு வா.”

அத்தாவுல்லா அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர்.

“சூட்டுக்கு எதுக்குமே மெக்கானிக்கு? முப்பத்தோரு வருசம் தண்ணிக்கே ஜன்னி வர வெச்சவன் நானு. இத்தூனூண்டு பிராசசர் என்னை இன்னா பண்ணும்?”

“அது தண்ணி. இது மிஷினு.”

“பாக்டரில மட்டும் இன்னா, ஜெபமாலை சொல்லியா தண்ணிய ஒறைய வெச்சோம்?”

“ஒன்னோட உதாரெல்லாம் அப்பால. சனிக்கெழம மலரு போவலன்னா, அடுத்த வருசம் சாமியாரு நம்ம வூட்டுப் பக்கமே திரும்ப மாட்டாரு. சாவியோ சிரிப்பான்.”

“சிரிக்க மாட்டான். எந்த மெக்கானிக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டான். இது ஸ்டானிஸ்லாஸ் குடுக்கற வாக்கு.”

ஜானட் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எங்கள் பாக்டரி மாதிரி இரண்டு நடத்தலாம்.

அன்றே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை முழு வேகத்தில் திருப்பிவிட்டேன். சூடு ஒரு டிகிரி குறைந்தது. மலரின் கையெழுத்துப் பிரதி முழுதும் அறைக்குள் பறந்தது. பங்குப் பேரவைத் தலைவரின் வாழ்த்துரை ஜன்னல் வழியாகத் தெருவுக்கே போய்விட்டது. துரத்திப் பிடித்து வந்தேன்.

வியாழக்கிழமை டிபன் கேரியரில் ஐஸை நிரப்பிப் பெட்டியின் தலையில் வைத்தேன். அரை மணியில் கேரியர் வேர்த்து, தண்ணீர் சொட்டு சொட்டாகப் பக்கவாட்டில் இறங்கியது. ஜானட் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

“நெத்தில ஈரத் துணி போட்டு வைத்தியமா பண்ற? அப்டியே கஞ்சி வெச்சிக் குடேன்.”

“அந்தக் காலத்து முறைமே இது.”

“கம்ப்யூட்டரு அந்தக் காலத்துல இல்லய்யா.”

வெள்ளிக்கிழமை விஞ்ஞானத்துக்கு மாறினேன். அத்தாவுல்லாவிடம் போய், எர்ணாவூர் தோஸ்து ஒருவனுக்கு என்று சொல்லி, பிராசசரில் தடவும் பேஸ்ட்டை வாங்கிக்கொண்டேன். சின்ன ஊசிக் குழலில் வெள்ளையாக இருந்தது. “பட்டாணி அளவு போதும் மாமு” என்றார் அவர். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் தெரிந்தது. அந்தத் தோஸ்துக்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்கவில்லை.

பிராசசரின் மேல் ஒரு அலுமினியப் பாளம் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் விசிறி. அந்தப் பாளம் நாலு பிளாஸ்டிக் கால்களால் அடியில் உள்ள சர்க்யூட் பலகையை இறுக்கிப் பிடித்திருக்கும். மூன்று கால்கள் திருகியதும் வந்தன. நாலாவது வரவில்லை. பாக்டரியில் வால்வு வரவில்லை என்றால் சுத்தியலால் ஒன்று போடுவோம். இங்கே சுத்தியல்கூட எடுக்கவில்லை, லேசாகத்தான் நெம்பினேன். டக் என்றது. கறுப்பு நுனி ஒன்று ஒடிந்து என் விரலில் வந்து நின்றது.

சமையலறையைப் பார்த்தேன். ஜானட் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒடிந்ததைச் சட்டைப் பையில் போட்டேன். பன்னில் பட்டர் தடவுவதுபோல் பேஸ்ட்டை முழுதும் பிதுக்கித் தடவினேன். மூன்று காலை அழுத்தினேன். நாலாவது மூலை தூக்கிக்கொண்டு நின்றது. மூடிவிட்டேன்.

நாலே நிமிடம். தொண்ணூற்றேழு. அணைந்தது.

“இன்னாச்சு?”

“ஒண்ணும் இல்லமே. பேஸ்ட்டு எறுகணும். ரெண்டு மணி நேரம் ஆவும்.”

“அப்டியா? சட்டையக் கழட்டு.”

“எதுக்கு?”

“மாரெல்லாம் பேஸ்ட்ட அப்பிகினு கலீஜா கீற. நனைச்சி வெக்கிறேன். வேற சட்ட மாட்டிகினு வெளிய போய்ட்டு வா. நீ பக்கத்துல நின்னு மூச்சு வுட்டா அதுவும் சேந்து சூடாவும்.”

சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நேராக அத்தாவுல்லா கடைக்குத்தான் போனேன். வாக்காவது ஒன்றாவது. காலில் விழுந்தாவது அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கடை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை. படியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். தொழுகைக்குப் போனவர் அப்படியே பாரிமுனைக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார் என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

ஜானட்டிடம் உண்மையை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். “மலரு போச்சுமே” என்று தொடங்கலாமா, “ஒரு கால் போச்சுமே” என்று தொடங்கலாமா?

வாசலுக்கு வரும்போதே டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே எட்டிப் பார்த்தேன். திரையின் மூலையில் நாற்பத்தாறு.

“ஓடுதாமே?”

“ஒரு மணி நேரமா ஓடிகினு கீது.”

“பேஸ்ட்டு எறுகிடுச்சி” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“ஆமாய்யா. நல்லாவே எறுகிடுச்சி.”

நான் கடைப் படியில் காத்திருந்ததைக் கேள்விப்பட்டு அன்று சாயங்காலம் அத்தாவுல்லா தேடிக்கொண்டு வந்தார். நாற்பத்தாறைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என் கடைலயே இந்த மாடலு அம்பத்தஞ்சிக்குக் கீழ எறங்காது மாமு. இன்னா பண்ணீங்க? ஒரு தபா தொறந்து பாக்கட்டா?”

“வேணாம்” என்றேன் நான்.

“வேணாம்” என்றாள் ஜானட்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில். நான் ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். எறுகின பேஸ்ட்டில் காற்றுப் படக் கூடாது என்று அத்தாவுல்லாவுக்குப் பாடமே எடுத்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மதியமே மலர் அச்சகத்துக்குப் போனது. திருவிழா அன்று சாமியார் மேடையில் ஜானட்டின் பெயரைச் சொன்னார். நான் கீழே நின்று, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பிராசசரைப் பற்றிச் சொன்னேன். சாவியோவும் கேட்டான். அந்த ஒரு வாரம் கல்மண்டபத்தில் என் நெஞ்சளவுக்குச் சட்டை கிடைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஜானட் டீ கொண்டுவந்து வைத்தாள். கேட்காமல் வந்த டீ. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

“அது ஏன்யா அவ்ளோ சூடாச்சி?”

“தூசிமே. வடக்க காத்தடிச்சா பவர் ஹவுஸு சாம்பலு. கெழக்க அடிச்சா துறைமுகத்துக் கரி. எல்லாம் உள்ள பூந்து அடைச்சிக்கும்.”

“அப்ப ரூம்ல தூசியே இருக்கக் கூடாது.”

“கூடவே கூடாது.”

“டெய்லி பெருக்கணும்.”

“ரெண்டு வேளை பெருக்கணும்.”

“எனக்கு மிஷினப் பத்தி இன்னாய்யா தெரியும்? நான் பெருக்கினா ராங்கா பூடும். தெரிஞ்சவங்கதான் செய்யணும்” என்று துடைப்பத்தை என் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

அன்று தொடங்கியது. பதினோரு வருடம், இரண்டு வேளை. தும்மல் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், ஈஸ்டர் வந்தாலும். முன்னறையில் தொடங்கியது ஆறு மாதத்தில் மொத்த வீட்டுக்கும் பரவியது, காற்று எல்லா அறைக்கும் போகும் என்று நானே ஒருநாள் விளக்கியிருந்ததால். கம்ப்யூட்டர் ஒரு நாளும் சூடாகவில்லை. பெட்டியை யாரும் திறக்கவும் இல்லை.

அவள் போய் ஏழாம் மாதம் விசிறியில் கரகரவென்று ஒரு சத்தம். திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனே திறந்தேன்.

நாலாவது மூலையில் வலை நூல். பலகையின் துளை வழியாக இறங்கி, விளிம்பைச் சுற்றி ஏறி, பாளத்தை இழுத்துப் பிடித்து, மேலே ஒரு முடிச்சு. இடப்பக்கமாகச் சுற்றிய முடிச்சு. வலையில் தக்கை கட்டுவதுபோல், அந்த முடிச்சோடு ஒரு கறுப்புத் துண்டைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். என் சட்டைப் பையில் இருந்த நாலாவது கால்.

பதினோரு வருடம் சூட்டைப் பிடித்து வைத்தது அந்த முடிச்சுதான், என் துடைப்பம் இல்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவள் சிரித்த சிரிப்பு அப்போதுதான் வந்து சேர்ந்தது. எனக்கும் தையல் போட்டிருந்தால் பிரிந்திருக்கும்.

விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினேன். முடிச்சைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் இப்போதும் நாற்பத்தாறில் ஓடுகிறது. இரண்டு வேளையும் பெருக்குவது நான்தான்.